ஊர் வரலாற்று மன்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் வரலாற்று மன்றம் என்பது என்ன? அது என்ன வேலை செய்கிறது?

ஓர் ஊரைச் சேர்ந்தவர்கள் தங்கள் ஊரின் கடந்த காலத்தைத் தாங்களே தேடி, பார்த்து, கேட்டு, எழுதிவைப்பதற்காகக் கூடும் அமைப்பே ஊர் வரலாற்று மன்றம். கல்வெட்டுகள், நடுகற்கள், ஏரி மதகுகள், பழைய பத்திரங்கள், முதியவர்களின் நினைவுகள், புலப்பெயர்கள், திருவிழா முறைகள் என அந்த ஊருக்கு உரிய எதுவும் அதன் பணிக்குள் அடங்கும். தொல்லியலாளர் ஒருவர் ஓர் ஊருக்கு ஒரு நாள் வருவார், இரண்டு நாள் வருவார். கோடையில் கண்மாய் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும் கல்லை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆண்டு முழுவதும் அந்த நிலத்தில் நடமாடுபவர்களுக்கே அது தெரியும். மன்றத்தின் தனி வலிமை அதுதான்.

எங்கள் ஊரில் பெரிய கோயிலும் இல்லை, கோட்டையும் இல்லை. எழுதுவதற்கு என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியே அதிகமாகக் கேட்கப்படுகிறது. உத்திரமேரூருக்கு முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இருக்கின்றன, எங்களுக்கு என்ன இருக்கிறது என்று பலர் தயங்குகிறார்கள். ஆனால் தமிழக வரலாற்றில் மிக முக்கியமான கண்டுபிடிப்புகள் சில, யாரும் பெரிதாக எண்ணாத சிற்றூர்களில்தான் கிடைத்தன. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் கண்டறிந்த தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து நடுகற்கள், சங்க இலக்கியம் பேசும் ஆகோள் பூசலுக்கு, அதாவது ஆநிரை கவரும் சண்டைக்கு, நேர்ச் சான்றாக அமைந்தன. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று, எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற 'கோவிவன்' என்ற நாயையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. ஒரு நாயின் பெயர் பதினான்கு நூற்றாண்டுகளாக நிலைத்திருப்பதற்குக் காரணம், அந்தக் கல் இருந்தது மட்டுமல்ல. அதை யாரோ படித்து எழுதியதும்தான்.

கல்லே இல்லாத ஊருக்கும் வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு 1916ஆம் ஆண்டு முதல் இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி முதலிய ஊர்களை ஆய்வு செய்து 1918இல் வெளியிட்டார். யாரிடம் எவ்வளவு நிலம் இருந்தது, கடன் எவ்வளவு, என்ன உண்டார்கள், எங்கே வேலைக்குப் போனார்கள் என்பவையே அந்த ஆய்வின் பொருள். 1930களில் அதே ஊர்களை மறுபடியும் ஆய்வு செய்தார்கள். பின்னரும் ஆய்வாளர்கள் அங்கே சென்றார்கள். அதனால் ஒரு நூற்றாண்டில் ஓர் உழவர் ஊர் எப்படி மாறியது என்பதை அங்கே தொடர்ச்சியாகக் காண முடிகிறது. அரசர் எவரும் வராத வரலாறு அது. ஆயினும் நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் வாழ்ந்த வரலாறு அதுவே. முதல் பம்புசெட்டு எப்போது வந்தது, கமலை ஏற்றம் எப்போது நின்றது, ஊரிலிருந்து பர்மாவுக்கோ மலாயாவுக்கோ இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கோ முதலில் கப்பலேறியது யார் என்று தொடங்கினாலே பல மாதங்களுக்கு வேலை இருக்கும்.

முதலில் எதைச் செய்ய வேண்டும்?

ஏற்கெனவே பதிவானது என்ன என்று பாருங்கள். ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஷ் தலைமையில் 1880களின் பிற்பகுதியில் தொடங்கிய இந்திய அரசின் கல்வெட்டுத் துறை, 1887 முதல் ஆண்டறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகள் 1890 முதல் வெளிவருகின்றன. 1961இல் உருவான தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் மாவட்ட வாரியாகக் கல்வெட்டுத் தொகுதிகளை அச்சிட்டிருக்கிறது. உங்கள் ஊர்க் கோயிலின் கல்வெட்டு நூறாண்டுகளுக்கு முன்பே படியெடுக்கப்பட்டிருக்கக்கூடும். அப்படியிருந்தால், 'புதிய கண்டுபிடிப்பு' என்று நாளிதழுக்குச் செய்தி அனுப்புவதற்கு முன், அந்தக் கல்வெட்டு இன்றும் அதே நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் கடமை. திருப்பணியின்போது கற்கள் இடம் மாறியிருக்கலாம், சுண்ணாம்புக்குள்ளும் வண்ணப் பூச்சுக்குள்ளும் மறைந்திருக்கலாம், உடைந்தும் போயிருக்கலாம். பழைய பாடத்தோடு இன்றைய கல்லை ஒப்பிட்டு எழுதும் குறிப்புக்குப் புதிய கண்டுபிடிப்புக்கு இணையான மதிப்பு உண்டு.

அடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தைப் பார்த்து, அதில் இல்லாத பெயர்களையெல்லாம் அதன் நகலில் குறியுங்கள். நத்தமேடு, பாண்டியன் திடல், தாழிக்காடு, கோட்டைக்கரை, தெற்றிமேடு என்று மக்கள் வாயில் மட்டும் வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் காரணமில்லாமல் வருவதில்லை. தாழிக்காடு என்ற புலத்தில் முதுமக்கள் தாழிகள் இருப்பதும், நத்தமேட்டில் கருப்பு-சிவப்புப் பானை ஓடுகள் சிதறிக் கிடப்பதும் தமிழகம் எங்கும் காணப்படும் ஒன்று. புலங்கள் மனைகளாகி, அவற்றுக்கு 'நகர்' என்று புதுப் பெயர்கள் வந்துவிட்ட இடங்களில் இந்தப் பட்டியல் உடனடியாகத் தேவைப்படுகிறது. ஏனெனில் அந்தப் பெயர்களை அறிந்தவர்கள் அங்கே ஆடு மேய்த்த, உழவு ஓட்டிய முதியவர்கள்தாம்.

வருவாய் ஆவணங்களில் வரலாறு இருக்கிறதா?

நிறைய இருக்கிறது; பல மன்றங்கள் இதைத் தொடுவதே இல்லை என்பது வருத்தத்துக்குரியது. 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு புலத்தின் எண்ணும் பரப்பும் நிலவகையும் தீர்வையும் இருக்கும். பழைய நிலவரித்திட்டப் பதிவேடுகளில் இனாம் நிலங்கள், அவை யாருக்கு எந்தப் பணிக்காக விடப்பட்டன என்ற விவரம், சில இடங்களில் ஊரைப் பற்றிய குறிப்பும் இருக்கும். கோயில் மேளக்காரருக்கும் வெட்டியானுக்கும் தச்சருக்கும் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கும் ஊர் எப்படிக் கூலி கொடுத்தது என்பதை அறிய இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஜமீன் பகுதிகளில் 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் பட்டா யார் பெயரில் இருந்தது என்று ஒப்பிட்டால், ஊரின் ஏற்றத்தாழ்வு எந்த அளவு மாறியது, எந்த அளவு மாறவில்லை என்பது தெளிவாகத் தெரியும்.

1980ஆம் ஆண்டில் கர்ணம், மணியக்காரர் என்னும் பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அதுவரை கணக்கு எழுதியவர்களின் வீட்டுப் பரண்களில் பழைய கணக்குச் சுவடிகளும் காகிதங்களும் இன்னும் இருக்க வாய்ப்புண்டு. அந்தக் குடும்பத்தினரிடம் மரியாதையோடு பேசி, அவர்கள் வீட்டிலேயே வைத்து நிழற்படம் எடுத்துக்கொண்டு, மூலத்தை அவர்களிடமே விட்டுவிடுவது நல்லது. எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற அச்சத்தில்தான் பலர் சுவடியே இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்தவர்களுக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை அங்கே சுமார் 2000 ஊர்களில் நடத்திய நில அளவையின் கணக்குகளில் வீடுகள், நீர்நிலைகள், விளைச்சல், ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு ஆகியவை ஊர்வாரியாக உள்ளன. இதே போல, 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராகப் பொறுப்பேற்ற காலின் மெக்கன்சி திரட்டிய ஊர்க் கைபீதுகளின் (ஊர் வரலாற்றுக் குறிப்புகளின்) ஒரு பகுதி, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மாவட்டக் கையேடுகளும் வருவாய்த் துறைக் கோப்புகளும் உள்ளன. ஒரு முழு நாளை ஒதுக்கி, தேடவேண்டிய ஊர்ப்பெயரின் பழைய எழுத்துவடிவங்களை எழுதி எடுத்துக்கொண்டு செல்ல வேண்டும்.

கல்வெட்டோ நடுகல்லோ கண்ணில் பட்டால் என்ன செய்வது?

முதல் விதி, அதை நகர்த்தாதீர்கள். ஏரிக்கரையில் நிற்கும் தூம்புக் கல்லைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டால், அது எந்த மடையைப் பற்றிப் பேசுகிறது என்பதே தெரியாமல் போய்விடும். நடுகல் பார்த்து நிற்கும் திசை, அருகிலுள்ள கற்குவியல், அதைக் கும்பிடும் குடும்பத்தினர், படையல் போடும் நாள் எல்லாமே அந்தக் கல்லின் பகுதிதான். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் அடுக்கிச் சொல்லும் வழக்கத்தின் எச்சங்களைச் சில ஊர்களில் இன்றும் வழிபாட்டில் காணலாம். கல்லைப் பெயர்த்துவிட்டால் அதுவும் சேர்ந்து அழியும்.

இரண்டாம் விதி, எழுத்துகளைத் தெளிவாக்க முயலாதீர்கள். சுண்ணக்கட்டி தடவுவது, எண்ணெய் பூசுவது, ஆணியால் கீறிப் பார்ப்பது, எழுத்தின் மேல் வண்ணம் தீட்டுவது ஆகிய எல்லாமே கேடு. மணல்வீச்சு முறையில் கோயில் சுவர்களைச் சுத்தம் செய்வது இவை எல்லாவற்றையும் விடக் கொடியது. ஆயிரம் ஆண்டு எழுத்தை அது ஒரே பகலில் மழுக்கிவிடும். அப்படி ஒரு திருப்பணி நடக்கப்போகிறது என்று தெரிந்தால் மன்றம் தயங்காமல் அறநிலையத் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வெறும் தண்ணீரும் மென்மையான நாருள்ள தூரிகையும் போதும். பாசி கெட்டியாக ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

படம் எடுக்கும்போது, கல்லுக்கு நேரே நின்று, அளவுகோலை ஓரத்தில் வைத்து, முழுக்கல்லும் தெரிய ஒன்றும், பகுதி பகுதியாகச் சிலவும் எடுங்கள். நண்பகலில் எடுத்தால் எழுத்து தெரியாது. மாலை இருட்டிய பின், கைவிளக்கைக் கல்லின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து ஒளியைச் சாய்த்து விட்டால், பகலில் மொட்டையாகத் தெரிந்த கல்லிலும் வரிகள் எழுந்து நிற்கும். நான்கு பக்கங்களிலிருந்தும் ஒளியைச் சாய்த்து நான்கு படங்கள் எடுப்பது சிறந்தது.

மைப்படி, அதாவது கல்வெட்டைத் தாளில் மையால் படியெடுப்பது, பயிற்சி வேண்டும் வேலை. நனைத்த தாளைக் கல்லின் மேல் விரித்து, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளைப் புகவைத்து, காய்ந்துவரும் பதத்தில் மையை ஒற்றினால், கறுப்புப் பரப்பில் எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும். கைப்பழக்கமில்லாதவர் செய்தால் மை தாளை ஊடுருவிக் கல்லில் படிந்துவிடும். பயிற்சி பெற்றவர் ஒருவரை வரவழைத்து, அவரோடு இருந்து கற்றுக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலும் அறநிலையத் துறைக் கோயில்களிலும் முன் அனுமதி பெற்றாக வேண்டும்.

பானை ஓடுகள் கிடைக்கும் மேட்டை நாங்களே தோண்டிப் பார்க்கலாமா?

கூடாது. அகழாய்வு அரசின் அனுமதி பெற்றவர்களே செய்யவேண்டிய பணி. மண்ணடுக்குகளின் வரிசையிலிருந்தே காலம் கணிக்கப்படுகிறது. ஒருமுறை கலைத்த அடுக்கை எவராலும் மீண்டும் அமைக்க முடியாது. தரைமேல் கிடப்பதைப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது நாணயமோ சிலையோ கிடைத்தால்?

1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாக இது நடக்கும். மறைப்பது குற்றம். நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களை விற்பதையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. விழுப்புரம் மாவட்டத்து எசாலத்தில் 1987இல் கோயில் திருப்பணியின்போது முதலாம் ராஜேந்திர சோழனின் செப்பேடுகளும் செப்புத் திருமேனிகளும் கிடைத்தன. அவை உரியவர்களிடம் சேர்ந்ததால்தான் அந்தச் செப்பேட்டின் வாசகம் இன்று ஆய்வுலகத்துக்குக் கிடைத்திருக்கிறது.

பொருள்களைச் சேகரித்து ஊரிலேயே அருங்காட்சியகம் வைக்கலாமா?

ஆர்வம் புரிகிறது, ஆனாலும் தொடக்கத்தில் இதை வலியுறுத்த மாட்டேன். பூட்டிய அறை ஒன்றில் அடுக்கிவைத்த கற்களும் பானைகளும், எங்கே கிடைத்தன என்ற குறிப்பில்லாமல் போனால், சில ஆண்டுகளில் வெறும் கற்களும் பானைகளுமே. ஒரு கண்காட்சிக்கு உழவுக் கருவிகள், மரக்கால், படி, பழைய நிழற்படங்கள், திருமண அழைப்பிதழ்கள், நாடக நோட்டீஸ்கள் ஆகியவற்றை உரிமையாளர்களிடம் ரசீது கொடுத்து வாங்கி, முடிந்ததும் திருப்பித் தருவது பொருத்தமான வழி. கற்களை அவை நிற்கும் இடத்திலேயே வேலியிட்டுப் பெயர்ப்பலகை வைத்துக் காப்பதே எல்லாவற்றிலும் மேலானது.

முதியவர்களிடம் எப்படிப் பேசுவது? அவர்கள் சொல்லும் காலத்தை எப்படிக் கணிப்பது?

'ஊர் வரலாற்றைச் சொல்லுங்கள் தாத்தா' என்று கேட்டால், ஏற்கெனவே பலர் சொன்ன கதையே வரும். 'நீங்கள் சின்ன வயதில் எந்தக் கிணற்றில் நீர் இறைத்தீர்கள், அந்த வாய்க்கால் எங்கே திரும்பியது, ஆச்சி எந்தச் சந்தைக்குப் போனார்கள், அறுப்புக்கு யார் யார் வந்தார்கள்' என்று கேட்டால் நினைவுகள் தாமாகவே விரியும். பெண்களிடம் தனியாக, பெண்களே போய்ப் பேசுவது நல்லது. வீட்டு ஆண்கள் சூழ்ந்திருக்கும்போது நாற்று நட்ட கூலியையும் பிரசவத்தில் இறந்த அக்காளையும் பற்றி அவர்கள் பேசுவதில்லை. ஒலிப்பதிவுக்கு முன் ஒப்புதல் பெறுங்கள். எதை வெளியிடலாம், எதை வெளியிட வேண்டாம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

காலக் கணிப்புக்கு, ஆண்டு உறுதியாகத் தெரிந்த நிகழ்ச்சிகளைத் துணையாகக் கொள்ளலாம். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பரில் வந்தது. 'அந்தப் புயலின்போது நான் கைக்குழந்தையோடு இருந்தேன்' என்று ஒருவர் சொன்னால் மற்றவற்றை அதிலிருந்து கணக்கிடலாம். தமிழ் வருடப் பெயர்களைக் கையாளும்போது எச்சரிக்கை வேண்டும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். தாது வருஷப் பஞ்சம் 1876இல் தொடங்கியது. ஆனால் 1936உம் தாது வருடம், 1996உம் தாது வருடம். வீட்டு நிலைப்படியில் 'பார்த்திப வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1885ஆகவும் இருக்கலாம், 1945ஆகவும் இருக்கலாம். கட்டுமானத்தையும் எழுத்தின் அமைப்பையும் கொண்டே முடிவுக்கு வர வேண்டும். சக ஆண்டோடு 78 கூட்டினாலும், கலியுக ஆண்டிலிருந்து 3101 கழித்தாலும், தென்மாவட்டங்களில் காணப்படும் கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினாலும் ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

சாதிப் பூசல் வந்துவிடாதா?

வரக்கூடும், அதனாலேயே தொடக்கத்திலிருந்து கவனம் வேண்டும். ஊர்த்தெருவினர் மட்டும் கூடி எழுதுவதை ஊர் வரலாறு என்று சொல்ல இயலாது. முதலாம் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள், ஊர்களின் இறையிலி (வரியில்லா) நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தத்தோடு கம்மாளர் வாழ்ந்த கம்மாணசேரியையும் பறைச்சேரியையும், சில இடங்களில் தீண்டாச்சேரி என்பதையும் குறிப்பிடுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லிலேயே இடம்பெற்ற மக்களை இன்று எழுதும் வரலாற்றிலிருந்து விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. எந்தக் கிணற்றில் யார் நீர் எடுக்கக் கூடாது என்றிருந்தது, எந்தத் தெருவில் யார் செருப்போடு நடக்க முடியவில்லை, டீக்கடையில் தனிக்குவளை எப்போது ஒழிந்தது என்பவையும் ஊர் வரலாறே. இதைச் சொன்னால் ஊர் ஒற்றுமை கெடும் என்று சிலர் அஞ்சுவார்கள். சொல்லாமல் விட்டால், அனுபவித்தவர்களுக்கு அந்தப் புத்தகம் தங்களுடையதாகத் தோன்றாது என்பதை அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

'எங்கள் குலமே ஆண்ட குலம்' என்பது போன்ற கூற்றுகளைப் பொறுத்தவரை, சொன்னவர், சொன்ன நாள் ஆகியவற்றோடு வழக்காறாகப் பதிவு செய்யுங்கள். உண்மை என்றோ பொய் என்றோ மன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் முதல்மரியாதை, நில எல்லை போன்றவற்றில் வழக்கு நடந்துகொண்டிருந்தால், மன்றத்தின் குறிப்பை எந்தத் தரப்புக்கும் சான்றிதழாக எழுதிக்கொடுக்கக் கூடாது. செயற்குழுவில் எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆட்கள் இருப்பதும், கூட்டங்களைக் கோயில் மண்டபத்தில் வைக்காமல் பள்ளியிலோ நூலகத்திலோ வைப்பதும் எல்லாரும் தயக்கமின்றி வர வழிசெய்யும்.

பள்ளி மாணவர்களை எப்படிச் சேர்ப்பது?

பல அரசுப் பள்ளிகளில் தொன்மைப் பாதுகாப்பு மன்றங்கள் இயங்குகின்றன. அந்த ஆசிரியர்களோடு சேர்ந்து நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரத்தில் ஒரு நடைபயணம் வைக்கலாம். தமிழி, வட்டெழுத்து ஆகிய பழைய எழுத்துகளைக் குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் வீட்டு மூத்தவர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதிவரச் சொன்னால், ஒரு வகுப்பிலேயே ஊரின் பெரும்பகுதி பதிவாகிவிடும்.

மன்றத்தைப் பதிவு செய்ய வேண்டுமா? பணம் எவ்வளவு தேவை?

தொடக்கத்தில் இரண்டும் அவசரமில்லை. ஒரு குறிப்பேடு, கைபேசி, அளவு நாடா, கைவிளக்கு இவை போதும். நன்கொடை வாங்கவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் விரும்பினால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம்.

கண்டறிந்ததை எங்கே வெளியிடுவது?

முதலில் ஊரிலேயே. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடும் கிராம சபையில் சில நிமிடங்கள் கேட்டுப் பெற்று, கண்டதைச் சொல்லுங்கள். தவறு இருந்தால் அங்கேயே யாராவது திருத்துவார்கள். ஏரிக்கரைக் கல்வெட்டைச் சேதப்படுத்தாமல் கரையைப் பலப்படுத்த வேண்டும் என்பது போன்ற தீர்மானத்தையும் அங்கே கொண்டுவரலாம். புதிய கல்வெட்டு என்று உறுதியானால், தஞ்சாவூரிலுள்ள தமிழகத் தொல்லியல் கழகம் வெளியிடும் 'ஆவணம்' இதழுக்கு வாசகத்தோடும் படத்தோடும் அனுப்பலாம். ஆட்களின் வருகை கேடு விளைவிக்கக்கூடிய இடங்களின், குறிப்பாகத் தாழிக்காடுகளின், துல்லியமான இருப்பிடத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள். புதையல் தேடுவோர் அதையும் படிக்கிறார்கள்.

மன்றத்தை நடத்துபவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டால் பதிவுகள் என்னவாகும்?

ஒருவரின் கைபேசியில் மட்டும் இருக்கும் பதிவு, அந்தக் கைபேசி உடைந்தால் போயிற்று. ஒவ்வொரு படத்துக்கும் ஊர், இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் கோப்புப் பெயரிலேயே எழுதி, இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் வைத்து, அவற்றை வெவ்வேறு வீடுகளில் பாதுகாக்க வேண்டும். ஒலிப்பதிவுகளைத் தாளில் எழுதி அச்சிட்டு, பள்ளி நூலகத்துக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் கிளை நூலகத்துக்கும் ஒவ்வொரு படியும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆய்வு நூலகம் ஒன்றுக்கு ஒரு படியும் அனுப்புங்கள். பொங்கலுக்கு வெளியூரிலிருந்து எல்லாரும் வரும் நாள்களில் வன்தட்டுகளைத் திறந்து கோப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, அந்த ஆண்டின் பொறுப்பாளர் இருவரின் பெயரை முதல் பக்கத்தில் எழுதிவைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.